புதிய ஊழியரின் நலமும் மேலாளரின் போக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலை, தோட்ட அலுவலகம், வன்பொருள் கடை, தனியார் கிளினிக், ஈப்போ பக்கத்துத் தொழிற்சாலை என்று பல இடங்களில் முதன்முறையாக வேலைக்குச் சேரும் இளையோரும், அவர்களை வேலைக்கு வைக்கும் சிறு முதலாளிகளும், வீட்டில் இருந்து கவலைப்படும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ஆய்வும் சட்டமும் தெளிவாகச் சொல்வதை அப்படியே சொல்லியிருக்கிறோம். கருத்து வேறுபடக்கூடிய இடங்களில் எங்கள் கருத்தை மறைக்கவில்லை.

வேலை கடினமாக இருந்தால் யாருக்கும் மனம் சோரும். அதற்கு மேலாளரை ஏன் குறை சொல்ல வேண்டும்?

வேலையின் சுமை ஒரு காரணம்தான். ஆனால் சுமை மட்டுமே ஆளைச் சாய்ப்பதில்லை. ராபர்ட் காரசெக் என்ற ஆய்வாளர் 1979இல் முன்வைத்த விளக்கம் இன்றும் பயன்படுகிறது: சுமை அதிகமாகவும், அந்தச் சுமையை எப்படிச் சமாளிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் வேலைதான் மிகுதியான மனஅழுத்தத்தைத் தருகிறது. பிரிட்டன் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வில் மைக்கேல் மார்மட்டும் அவருடைய குழுவினரும் கண்டதும் இதை ஒட்டியே இருந்தது. தம் வேலையின் மீது கட்டுப்பாடு குறைந்தவர்களுக்கு இதயநோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

இப்போது புதியவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். எதை முதலில் செய்வது, எப்போது சாப்பிடப் போவது, தெரியாததை யாரிடம் கேட்பது, எவ்வளவு நேரத்தில் முடிப்பது என எதையும் அவர் தீர்மானிப்பதில்லை. அத்தனையும் மேற்பார்வையாளர் கையில் இருக்கிறது. அதே வேலையை அதே சம்பளத்துக்கு இருவர் செய்ய, ஒருவர் நிம்மதியாகவும் மற்றவர் தூக்கமின்றியும் இருப்பதற்கான காரணத்தைத் தேடினால், பெரும்பாலும் அந்த மேற்பார்வையாளரின் போக்கில்தான் போய் நிற்போம்.

பழைய ஊழியர்களுக்கும் அதே மேலாளர்தானே? அவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?

பழையவர்களுக்கு வேறு பிடிமானங்கள் இருக்கின்றன. மேலாளரின் கோபம் மதியத்துக்குள் தணிந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். கூடச் சேர்ந்து தேநீர் குடிக்க ஆள் உண்டு. வேலை கைக்குப் பழகிவிட்டது. புதியவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை என்பதால், மேலாளர் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் அதன் முழு எடையுடன் அவர் வாங்கிக்கொள்கிறார்.

புதிய ஊழியர்களைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த டால்யா பாவர் குழுவினரின் 2007ஆம் ஆண்டுக் கட்டுரை, புதியவர் ஓரிடத்தில் ஊன்றி நிற்பதற்கு மூன்று விஷயங்களை முக்கியமாகக் காட்டுகிறது. தன் வேலை இன்னது என்ற தெளிவு, அதைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை, உடன் வேலை செய்பவர்கள் தன்னை ஏற்றுக்கொண்டார்கள் என்ற உணர்வு ஆகியவையே அவை. முதல் இரண்டையும் மேலாளர் நேரடியாகத் தரலாம், கெடுக்கலாம். மூன்றாவது சக ஊழியர்களைச் சார்ந்தது என்று தோன்றினாலும், மேலாளர் ஒருவரை எப்படி நடத்துகிறாரோ அதைப் பார்த்தே மற்றவர்களும் நடத்துவார்கள் என்பது வேலைக்குப் போன எவருக்கும் தெரிந்த செய்தி.

தலைமைப் போக்கு என்று எத்தனை வகை சொல்கிறார்கள்?

பட்டியல்கள் ஏராளம். பலரும் தொடங்கும் இடம் 1939இல் அமெரிக்காவில் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு. சிறுவர் குழுக்களை, எல்லாவற்றையும் தானே கட்டளையிடும் தலைவர், கலந்துபேசி முடிவெடுக்கும் தலைவர், எதிலும் தலையிடாத தலைவர் என்று மூவகைத் தலைமையின் கீழ் வேலை செய்ய விட்டுப் பார்த்தார்கள். கட்டளையிடும் தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் அந்தக் குழுவில் வேலை படுத்துவிட்டது. கலந்துபேசும் குழுவில் அது ஓரளவு தொடர்ந்து நடந்தது. பிற்காலத்தில், 1978இல் ஜேம்ஸ் மெக்கிரகர் பர்ன்ஸும் 1985இல் பெர்னார்ட் பாஸும், வேலைக்கு ஏற்ற கூலி என்ற கொடுக்கல் வாங்கல் தலைமையையும், ஆளின் மனத்தையே உயர்த்தி வழிநடத்தும் தலைமையையும் பிரித்துக் காட்டினார்கள். பயிற்சி வகுப்புகளில் இந்த இரண்டாவது வகைக்குத்தான் கைதட்டல் அதிகம்.

எங்கள் கருத்து கொஞ்சம் வேறு. முதல் மாதத்தில் இருக்கும் ஒருவருக்கு உணர்ச்சியூட்டும் உரையைவிட, இன்ன வேலையை இன்ன நேரத்துக்குள் இன்ன தரத்தில் செய்தால் போதும் என்ற தெளிவான கணக்கு அதிக நிம்மதி தரும். உயர்ந்த நோக்கங்களைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கண்டிப்பான மேலாளர் என்றாலே புதியவருக்குக் கெடுதலா?

இல்லை. இந்தக் குழப்பத்தால் நல்ல மேலாளர்கள் சிலர் கெட்ட பெயர் வாங்குகிறார்கள். கெட்டவர்கள் சிலர் ‘கண்டிப்பானவர்’ என்ற பெயரில் தப்பித்துக்கொள்கிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஒரு செம்பனை ஆலையின் எடைமேடையில் காலை பத்து மணிக்கு மேல் குலை ஏற்றிய லாரிகள் வாசல் வரை வரிசை பிடித்து நிற்கும். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் லாரி எண்ணைக் கணினியில் தட்டி, சரக்கோடு கூடிய எடையைப் பதிந்து, பழத்தைக் கொட்டிவிட்டு லாரி திரும்பும்போது வெற்று எடையைப் பதிந்து, சீட்டை அச்சிட்டு ஓட்டுநரிடம் கொடுக்க வேண்டும். ஒரு லாரியின் வெற்று எடை இன்னொரு லாரியின் கணக்கில் ஏறிவிட்டால் அன்றைய கணக்கு டன் கணக்கில் இடிக்கும். பழம் கொண்டுவந்த சிறுதோட்டக்காரருக்குப் போகும் பணமும் மாறிவிடும். இது சிறிய தவறு இல்லை. எந்த மேற்பார்வையாளருக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

ஒருவர் அந்தக் கோபத்தோடேயே வந்து, தவறான சீட்டை ரத்து செய்து கையெழுத்துப் போட்டுவிட்டு, “லாரி நம்பரை வாய்விட்டுப் படிச்சிட்டுப் பிறகு தட்டும்மா. இன்னொரு தடவை இது வரக்கூடாது. சாயங்காலம் இன்னைக்குப் போட்ட சீட்டு எல்லாத்தையும் எடுத்துவை, உட்கார்ந்து பார்ப்போம்” என்கிறார். இன்னொருவர் ஓட்டுநர்கள் நால்வர் சன்னல் ஓரம் நிற்கும்போதே, “உன்னையெல்லாம் யாரு இங்க அனுப்பினது? எந்த ஸ்கூல்ல படிச்ச?” என்று கத்திவிட்டு, சீட்டைத் தானே திருத்திக்கொண்டு போய்விடுகிறார். இருவரும் கண்டிப்பானவர்கள்தான். முதலாமவரிடம் வேலை பார்த்தவர் களைத்துப்போய் வீட்டுக்குப் போவார். ஆனால் எங்கே தவறினோம் என்பதை அறிந்துகொண்டு போவார். இரண்டாமவரிடம் வேலை பார்த்தவர் மறுநாள் லாரி எண்ணைக் கவனிப்பதைவிட அவருடைய முகத்தைக் கவனிப்பதிலேயே நேரத்தைச் செலவிடுவார், அதனால் மறுபடியும் தவறுவார்.

பென்னட் டெப்பர் 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை இந்த இரண்டாவது வகையை ஆராய்ந்தது. கைநீட்டுவது அதில் சேராது. பிறர் முன்னால் இழிவுபடுத்துவது, பழைய தவறுகளைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவது, முகம்கொடுத்துப் பேசாமல் விடுவது, செய்த வேலைக்குரிய பெயரைத் தான் எடுத்துக்கொள்வது முதலியவை தொடர்ந்து நடக்கும் நிலையைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். இப்படிப்பட்டவரின் கீழ் இருப்பவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் கூடுதலாக இருந்தன. வேலை மீதும் வாழ்க்கை மீதும் நிறைவு குறைந்திருந்தது. வேறு வேலைக்குப் போக வழியில்லாதவர்களிடம் இந்தப் பாதிப்புகள் பலவும் இன்னும் கடுமையாக இருந்தன என்பதையும் அவர் காட்டினார். சிறிய ஊரில், கையில் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழோடு நிற்கும் பிள்ளைக்கு இந்தக் கடைசிச் செய்தி மிக நெருக்கமானது.

ஆகவே ஒருவர் கண்டிப்பானவரா கொடுமைக்காரரா என்று தெரியவில்லை என்றால், அவர் கோபித்துக்கொண்ட பிறகு உங்களுக்கு ஏதாவது புதிதாகத் தெரிந்ததா என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய கோபம் எதற்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறதா என்றும் பாருங்கள். கண்டிப்பானவரின் கோபத்துக்கு விதி இருக்கும்.

என் மகனின் முதலாளி எதிலும் தலையிட மாட்டார். ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை. அப்படியும் என் மகன் வேலைக்குப் போகவே பயப்படுகிறான். இது எப்படி?

இது நாங்கள் அதிகம் கேட்கும் கேள்வி. பலர் தங்கள் பிள்ளையைத்தான் சந்தேகப்படுகிறார்கள், ‘செல்லமாக வளர்த்துவிட்டோம்’ என்கிறார்கள்.

தலையிடாத தலைமை தீங்கற்றது என்ற எண்ணம் தவறு. ஆன்டர்ஸ் ஸ்கோக்ஸ்டாட், ஸ்டோலே எய்னார்சன் முதலியோர் நார்வேயில் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, பொறுப்பிலிருந்து ஒதுங்கிக்கொள்ளும் மேலாளரின் கீழ் யாருடைய வேலை எது என்ற குழப்பம் கூடுகிறது, சக ஊழியர்களுக்கு இடையே சச்சரவு கூடுகிறது, அதன் வழியே ஒருவரை மற்றவர்கள் வதைப்பதும் கூடுகிறது. மேலிருப்பவர் விட்டுவிட்ட அதிகாரம் காற்றில் மறைந்துவிடுவதில்லை. கடையில் மூத்த பணியாளர் ஒருவர் அதை எடுத்துக்கொள்வார். ஸ்டோரில் சரக்கு தூக்கும் வேலைக்கு வந்த பையன் அவருக்கு மோட்டார் சைக்கிள் கழுவிக் கொடுத்துக்கொண்டும், மதியச் சாப்பாடு வாங்கி வந்துகொண்டும், கணக்கு குறையும்போது பழியைத் தாங்கிக்கொண்டும் இருப்பான். முதலாளி நல்ல மனிதர் என்பதால் யாரிடம் போய்ச் சொல்வது என்றும் அவனுக்குத் தெரியாது.

அனுபவமுள்ள ஒருவருக்குத் தனித்து விடும் மேலாளர் வரமாக இருக்கலாம். புதியவருக்கு அது கைவிடப்படுதல். உரக்கக் கத்தும் மேலாளருக்கு அடுத்தபடியாகப் புதியவர்களைக் கெடுப்பவர்கள் இந்த அமைதியான நல்லவர்கள்தான் என்பது எங்கள் கருத்து.

தோட்டத்துப் பழைய அதிகாரமுறை இன்னும் நம் வேலையிடங்களில் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அதைத் திட்டுவதோடு நிறுத்திக்கொள்வதிலும் பயனில்லை, புகழ்வதிலும் பயனில்லை.

துரை (தோட்ட நிர்வாகி), கிராணி (எழுத்தர்), மண்டோர் (வேலையாட்களை மேய்ப்பவர்), அதற்கும் கீழே தொழிலாளி என்ற படிவரிசையில் நம் தாத்தா பாட்டிமார் வேலை செய்தார்கள். விடியுமுன் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) பெயர் கூப்பிட்டு ஆளுக்கு நிரை (மர வரிசை) பிரித்துக் கொடுக்கும்போது எதிர்க்கேள்வி கேட்கும் வழக்கம் இல்லை. குடியிருந்த வீடு தோட்டத்துடையது என்பதால் வேலை போனால் கூரையும் போகும். அந்த நிலையில் தலைகுனிந்து நிற்பது கோழைத்தனம் இல்லை, பிழைக்கும் வழி. அதே சமயம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தோட்டத்து மருந்தகத்துக்கு ஆள் அனுப்பிய மண்டோரும், திருமணத்துக்கு முன்பணம் எழுதிக் கொடுத்த கிராணியும் இருந்தார்கள். அதிகாரமும் அரவணைப்பும் ஒரே கையிலிருந்து வந்தன.

இந்தக் கலவையை ஆய்வாளர்கள் தந்தைமைத் தலைமை என்கிறார்கள். ஃபார், செங் என்ற இருவர் 2000ஆம் ஆண்டில் சீனச் சமூக நிறுவனங்களை வைத்து இதை மூன்றாகப் பிரித்தார்கள்: அதிகாரம் செலுத்துதல், பரிவு காட்டுதல், தான் ஒழுக்கமாக நடந்து காட்டுதல். பிறகு வந்த ஆய்வுகளில் பெரும்பாலும் பிந்திய இரண்டும் ஊழியரின் நலத்தோடு சேர்ந்தும், முதலாவது அச்சத்தோடும் மனக்கசப்போடும் சேர்ந்தும் தென்பட்டன. நம் ஊரின் தமிழ், சீன முதலாளிகள் பலரிடமும் இந்த மூன்றும் வெவ்வேறு அளவில் கலந்திருப்பதைப் பார்க்கலாம். தீபாவளிக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுக்கும் அதே முதலாளி, ஞாயிற்றுக்கிழமை ‘கொஞ்சம் வந்துட்டுப் போ’ என்று கூப்பிடுவதும் இதனால்தான். பரிவு உண்மையானது, ஆனால் அதற்குப் பின்னால் எழுதப்படாத கடன் ஒன்று ஏறிக்கொண்டே போகிறது. புதியவருக்கு அந்தக் கடனை மறுக்கத் தெரியாது. சம்பளமில்லாத ஞாயிறுகள் பல சேர்ந்த பிறகு அவர் திடீரென்று வேலைக்கு வராமல் நின்றுவிடுவார், ‘அவனுக்கு எவ்வளவோ செய்தேன்’ என்று முதலாளி வருந்துவார்.

கீர்ட் ஹாஃப்ஸ்டீடின் புகழ்பெற்ற அட்டவணையில், மேலிருப்பவருக்கும் கீழிருப்பவருக்கும் நடுவிலுள்ள அதிகார இடைவெளியை இயல்பாக ஏற்றுக்கொள்ளும் நாடுகளின் வரிசையில் மலேசியா முதலிடத்தில் இருப்பதை எடுத்துக்காட்டி, ‘இங்கே இப்படித்தான்’ என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். அந்த அட்டவணை 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் ஐ.பி.எம். நிறுவன ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பிலிருந்து வந்தது. மேலும், இடைவெளியைச் சகித்துக்கொள்ளப் பழகியிருப்பதும் அதனால் பாதிக்கப்படாமல் இருப்பதும் ஒன்று இல்லை.

மேலாளர் எங்கள் உறவினர். கோயில் நிர்வாகத்திலும் இருக்கிறார். நான் எப்படிக் குறை சொல்வது?

பெருநகரத்தில் மேலாளரின் போக்கு மாலை ஆறு மணியோடு முடிந்துவிடும். இங்கே அவரைத் திருவிழாவில் பார்ப்பீர்கள், துக்க வீட்டில் பார்ப்பீர்கள், உங்கள் தங்கைக்கு வரன் பார்க்கும்போதும் அவர் பேச்சு அடிபடும். வேலையில் பட்ட காயம் ஆறுவதற்குரிய ஓய்வு நேரத்திலும் அவர் இருக்கிறார் என்பதுதான் தோட்டப்புற ஊரின் தனிச்சிக்கல்.

இதற்கு முழுமையான தீர்வு இல்லை. ஆனால் இரண்டு வழக்கங்கள் உதவுகின்றன. முதலாவது, வேலை நேரத்தில் வேலைமொழியைப் பயன்படுத்துவது. ‘மாமா’ என்று கூப்பிடுவதை விட வேண்டாம். ஆனால் வேலை நேரம், கூடுதல் நேரச் சம்பளம், விடுப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசும்போது, “மாமா, இதை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறேன், நீங்கள் சரி என்று சொல்லிவிடுங்கள்” என்று எழுத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இரண்டாவது, குறையைக் குடும்பத்தின் வழியாகத் தூது விடாமல் இருப்பது. அம்மாவிடம் சொல்லி, அம்மா அத்தையிடம் சொல்லி, அத்தை அவரிடம் சொல்லும்போது அது வேலைப் பிரச்சினையாக இருக்காது, குடும்ப மானப் பிரச்சினையாகிவிடும். சேர்த்துவிட்ட உறவினருக்கும் ஒரு வேண்டுகோள்: ‘என் பேரைக் கெடுத்துவிடாதே’ என்று சொல்லி அனுப்பாதீர்கள். அந்த ஒரு வாக்கியம் பிள்ளையின் வாயை மாதக்கணக்கில் கட்டிப்போடும்.

புதியவரிடம் மேலாளர் எப்போது கவனம் செலுத்த வேண்டும்? மூன்று மாதம் போகட்டுமே?

மூன்று மாதம் மிகவும் தாமதம். ராபர்ட் லைடன், சாண்டி வேய்ன், டீன் ஸ்டில்வெல் ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகச் சேர்ந்தவர்களையும் அவர்களுடைய மேற்பார்வையாளர்களையும் முதல் ஐந்து நாள்களுக்குள்ளும், இரண்டு வாரம், ஆறு வாரம், ஆறு மாதம் கழித்தும் கேட்டார்கள். முதல் சில நாள்களில் ஒருவரைப் பற்றி ஒருவர் கொண்ட எதிர்பார்ப்பும் விருப்பமும் பிற்பாடு அவர்களுடைய உறவு எப்படி அமையும் என்பதைக் கணிசமாக முன்கூட்டியே காட்டின. ‘இவன் தேறமாட்டான்’ என்று முதல் வாரத்தில் முடிவு கட்டியவர், தேறுவதற்கு வேண்டிய வேலையையே அவனிடம் கொடுக்கமாட்டார்.

முதல் நாளில் பெரிய விழா எதுவும் வேண்டாம். கழிப்பறை எங்கே, சாப்பாட்டு நேரம் எப்போது, சம்பளம் எந்தத் தேதியில் வரும், கேள்வி இருந்தால் யாரிடம் கேட்பது என்பவற்றைச் சொன்னாலே பாதிப் பதற்றம் போய்விடும். கேள்விக்குரிய ஆளின் பெயரைச் சொல்லுங்கள். ‘யாரிடம் வேண்டுமானாலும் கேள்’ என்றால் புதியவர் யாரிடமும் கேட்கமாட்டார். முதல் வாரக் கடைசியில் கால் மணி நேரம் உட்கார்ந்து, “எது இன்னும் புரியவில்லை?” என்று கேளுங்கள். “எல்லாம் ஓகேவா?” என்று கேட்டால், “ஓகே” என்ற பதிலைத் தவிர வேறொன்றும் கிடைக்காது.

புதியவர் தவற்றை மறைக்கிறார். நம்பிக்கையில்லாத ஆளா?

மறைப்பதற்கான காரணத்தை முதலில் பாருங்கள். ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்படும் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேர்ந்த தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்ததைக் கண்டார். அங்கே தவறு அதிகம் என்பதைவிட, தவற்றைச் சொல்லத் துணிவு அதிகம் என்பதே பொருத்தமான விளக்கமாக இருந்தது. 1999இல் அவர் இதை உளவியல் பாதுகாப்பு, அதாவது தவற்றைச் சொன்னால் அவமானமோ தண்டனையோ வராது என்று குழுவினர் நம்பும் நிலை, என்ற கருத்தாக விரித்தெழுதினார்.

செம்பனைத் தோட்டத்தில் இது உயிர்ப் பிரச்சினை. நீண்ட உலோகக் கழியின் நுனியில் அரிவாளைப் பொருத்தி உயர்ந்த மரத்தில் குலை அறுப்பவர், மின்கம்பி அருகே போகும் நிரையில் ஏன் தயங்கி நிற்கிறார் என்று மண்டோர் கேட்க வேண்டும். ‘பயந்தாங்கொள்ளி’ என்று சொல்லிவிட்டால் அடுத்த முறை அவர் தயங்கமாட்டார். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் ஊழியர், முதலாளி அதை அகற்ற நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலக அது உரிமை அளிக்கிறது. காகிதத்தில் உள்ள அந்த உரிமையைப் புதியவர் பயன்படுத்துவாரா என்பது மண்டோரின் முகத்தைப் பொறுத்திருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் புதியவர்கள் பெரும்பாலும் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும். அவர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

கூடுதலாகப் பொருந்தும். கடன்பட்டு வந்தவர், மொழி தெரியாதவர், வேலை பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டுண்டவர் என்பதால் காரசெக் சொன்ன ‘கட்டுப்பாடு’ அவரிடம் ஏறக்குறைய இல்லை. பல இடங்களில் மேற்பார்வையாளர் தமிழர். நம் முன்னோர் கேட்ட அதே ஏச்சுகளை நம் வாயால் இன்னொருவர் கேட்பதைக் காணும்போது சங்கடமாக இருக்கிறது. இதை இதற்கு மேல் நயமாகச் சொல்ல முடியவில்லை. நடைமுறையில், வேலையைச் சொல்லால் விளக்குவதோடு செய்து காட்டுங்கள், செய்யச் சொல்லிப் பாருங்கள். தலையாட்டுவதைப் புரிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) ‘பத்திரத்துக்காக’ வாங்கிப் பூட்டி வைக்கும் பழக்கம் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தின்படி உங்களைக் குற்றவாளியாக்கலாம்.

கடையில் ஒரே ஒரு பணியாளர்தான். எனக்கு எதற்குத் தலைமைப் போக்கெல்லாம்?

அந்த ஒருவருக்கு நீங்கள்தான் மேலாளர், சக ஊழியர், மனிதவளப் பிரிவு எல்லாம். பெரிய நிறுவனத்தில் ஒரு மேலாளர் சரியில்லை என்றால் சாய்ந்துகொள்ள வேறு ஆள் உண்டு. உங்கள் கடையில் இல்லை.

தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கு உரிமை ஏதும் இல்லை என்கிறார்களே?

தவறான நம்பிக்கை, அச்சத்தின் பாதி இதிலிருந்துதான் வருகிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்டு 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தங்களின்படி வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கும் ஆண்டுக்கு 14 நாள் மருத்துவ விடுப்பு உண்டு. குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு இது 2025 ஆகஸ்ட் 1 முதல் பொருந்துகிறது. இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) சந்தாக்களைத் ‘தேறிய பிறகு’ கட்டுகிறேன் என்று முதலாளி தள்ளிப்போட முடியாது.

தகுதிகாண் காலத்தில் இருப்பவரையும் தகுந்த காரணமின்றி நீக்க முடியாது என்பது மலேசிய நீதிமன்றங்கள் ஏற்ற நிலைப்பாடு. அப்படி நீக்கப்பட்டவர் 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின் கீழ் 60 நாள்களுக்குள் முறையிட வேண்டும். இந்த 60 நாளைத் தவறவிட்டால் முறையீட்டுக்கு வழி அடைபட்டுவிடும்.

பொறுத்துக்கொண்டிருப்பதா, விலகிவிடுவதா என்று எப்படி முடிவு செய்வது?

முதல் மாதக் களைப்பும் வீட்டு நினைவும் பெரும்பாலோருக்கு வரும். அது தானாகக் குறையும். குறையாமல் வளர்ந்துகொண்டே போனால்தான் கவனிக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில் விளக்கிய ‘பர்ன்அவுட்’ நிலைக்கு மூன்று கூறுகள் உண்டு: சக்தி வற்றிப்போனது போன்ற களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்படைதல், வேலையில் தன் திறன் குறைந்துவிட்டதாக உணர்தல். அதை ஒரு நோய் என்று அந்த நிறுவனம் சொல்லவில்லை. சரிவரக் கையாளப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்கிறது.

விலகுவதற்கு முன், பிரச்சினை வேலையா ஆளா என்று பாருங்கள். வேலை பிடித்து ஆள் பிடிக்கவில்லை என்றால், வேறு ஷிஃப்ட், வேறு பிரிவு கேட்டுப் பார்ப்பது பயன் தரும். ஆனால் தூக்கம் வாரக்கணக்கில் கெட்டுப்போனாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் வந்தாலோ கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் மருத்துவரிடம் மனநலப் பரிசோதனை கேட்கலாம். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555 என்ற எண்ணிலும், பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 03-7627 2929 என்ற எண்ணிலும் பேச ஆள் வைத்திருக்கின்றன.

பெற்றோரிடம் ஒன்று. ‘நாங்கள் படாத கஷ்டமா’ என்பது உண்மைதான், ஆனால் அந்தப் பதிலைக் கேட்ட பிள்ளை அடுத்த முறை உங்களிடம் சொல்லாது.

புகார் கொடுப்பது என்றால் எங்கே, எப்படி?

சம்பளம், வேலை நேரம், விடுப்பு தொடர்பானவை என்றால் தொழிலாளர் இலாகா. சந்தா என்றால் இ.பி.எஃப். அல்லது சொக்சோ அலுவலகம். வேலைநீக்கம் என்றால் தொழில் உறவு இலாகா. இந்த இலாகாக்கள் இரண்டுக்கும் ஈப்போவில் அலுவலகம் உண்டு. தொழிற்சங்க உறுப்பினராக இருந்தால் முதலில் சங்கப் பிரதிநிதியிடம் பேசுங்கள். தோட்டத் தொழிலாளர்களுக்குத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இருக்கிறது.

போகும்போது வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், வாட்ஸ்அப் செய்திகளின் படங்கள் ஆகியவற்றோடு, நடந்தவற்றைத் தேதி, நேரம், இடம், கூட இருந்தவர், சொல்லப்பட்ட சொற்கள் என்று வரிசையாக எழுதிய குறிப்பையும் கொண்டுபோங்கள். ‘எப்போதும் திட்டுவார்’ என்று எழுதினால் அதிகாரியால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த நாளில், யார் முன்னால், என்ன சொன்னார் என்பதை அன்றன்றே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வேலையிடத்துக் கணினியிலோ நிறுவனம் கொடுத்த கைப்பேசியிலோ எழுத வேண்டாம்.